தறி நின்ற நேரம்

மாதத்தில் ஒரு நாள் ஆட்டையாம்பட்டி வட்டாரத்தில் தறிகள் நிற்கும். பராமரிப்பு வேலைக்காகக் காலையில் நிறுத்தும் மின்சாரம் பிற்பகலில்தான் திரும்ப வரும். பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாத தெருக்களில் அன்றைக்கு மட்டும் சைக்கிள் மணிச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும். வேலை இல்லாத சனம் வேப்பமரத்தடியிலும் தறிக் குடோன் வாசலிலும் உட்கார்ந்து பொழுதைத் தள்ளும்.

அந்தப் பொழுதைத்தான் 'தறிநாதம்' சமுதாய வானொலி பிடித்துக்கொண்டது. மின்தடை நாளில் காலையிலிருந்து மதியம் வரைக்கும் 'தறி நின்ற நேரம்' என்று நேரலை போகும். அடுத்த மாதம் எந்த ஊரில் கண் பரிசோதனை முகாம், எந்தக் கோயிலில் என்றைக்குத் தேர், பிளஸ் டூ எழுதும் பிள்ளைகளுக்கு எந்த ஆசிரியர் எந்தப் பாடம் எடுக்கிறார் என்று வரிசையாகச் சொல்வார்கள். காணாமல் போன ஆட்டுக்குட்டி, கைமாற்றி விற்கிற தையல் மிஷின், வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்து என்று எதற்கும் அதில் இடமுண்டு. ஊர் ஊராக இருக்கும் நேயர் மன்றப் பெண்கள் மாதம் ஒரு நாடகமும் போடுவார்கள்.

வினோலியா அந்த நிகழ்ச்சிக்குப் பொறுப்பாளர். சேலம் டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். அவளை நேரில் பார்த்திராதவர்கள்கூட முறுக்குக் கடையில் அவள் "ஒரு கால் கிலோ குடுங்க" என்றதும் திரும்பிப் பார்த்து, "ரேடியோ மேடம்ங்களா?" என்று கேட்பார்கள். நிதானமான குரல். அவசரப்படாமல், எழுத்துக்கு எழுத்து சுத்தமாகப் பேசுவாள்.

பங்குனி மாத மின்தடை நாள். மாடியில் ஜெனரேட்டர் ஓட, ஸ்டுடியோவுக்குள் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சித்திரை மாத நிகழ்ச்சிகளைப் படித்து முடித்து, ஒரு பாட்டைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினாள் வினோலியா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பூபதி தலையாட்டினான். ஒலிபரப்புக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன் அவன். இந்த நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறான்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. செங்காட்டுப்புதூர் ராசாத்தி. தறிக் குடோனில் தார்க்குச்சியில் ஊடைநூல் சுற்றுகிறவள், அந்த ஊர் நேயர் மன்றத்தை நடத்துகிறவள். நாடகம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பாள். அவள் எப்போதும் நிகழ்ச்சிக்குள்தான் பேசுவாள். நேரலை நடக்கும்போது வினோலியாவின் சொந்த எண்ணுக்குக் கூப்பிட்டதே இல்லை.

எடுத்தால், மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் பேசினாள்.

"ஏனுங்கக்கா, நம்ம நாடகத்த ஆருக்காச்சும் குடுத்தீங்களா?"

"எந்த நாடகம்?"

"போன மாசம் போட்டமே, 'அடுத்த ஊடு'ன்னு. அதுல நீங்க அழுவீங்களே, அத மட்டும் வெட்டி எல்லா போன்லயும் உட்டிருக்காங்கக்கா. நெசமாலும் புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு இங்க ஒருத்தரப் புடிச்சுக் கட்டி வெச்சு அடிக்கறாங்க."

வினோலியாவுக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. ராசாத்தி இணைப்பைத் துண்டித்துவிட்டு அந்த ஒலித்துண்டை அனுப்பிவைத்தாள். நடைவழிக்கு வந்து அதைக் காதில் வைத்துக் கேட்டாள் வினோலியா.

முதலில் முன்பின் தெரியாத ஒரு இளைஞனின் குரல். உஷாராக இருக்கச் சொல்லியது, இன்றைக்குக் காலையில் ஆட்டையாம்பட்டி பக்கம் நடந்தது என்றது, எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பச் சொல்லியது. அதற்குப் பிறகு ஒரு பெண்ணின் அலறல்.

"அய்யோ, எம் புள்ளையக் காணமே. சாக்குப் பையத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் வந்தானே. ஆராச்சும் போயி மறிங்களே, எம் மித்ராவக் கூட்டியாந்து குடுங்களே."

அதோடு வெட்டு.

அந்த அலறல் அவளுடையதுதான். அந்தப் பாத்திரத்துக்கு வர வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல் என்பதால் கடைசி நேரத்தில் இவளே செய்தாள். இந்த ஊர்ப் பேச்சை ராசாத்திதான் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக் கொடுத்தாள். போர்வை விற்க வந்த ஒரு அப்பாவியைப் பிள்ளை பிடிப்பவன் என்று நினைத்து ஊரைக் கூட்டும் ஒரு தாயின் கதை அது. அவள் அலறி முடித்த அடுத்த நொடியே பக்கத்து வீட்டுக்காரி வந்து, பிள்ளை தன் வீட்டில் தூங்குகிறது என்பாள். யாரையும் பிடிப்பதற்கு முன்னால் அடுத்த வீட்டில் போய்க் கேளுங்கள் என்று சொல்வதற்காகவே எழுதிய நாடகம். அந்த அடுத்த நொடியைத்தான் எவனோ வெட்டி எறிந்திருந்தான்.

அவள் ஸ்டுடியோவுக்குள் ஓடினாள். பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொன்னாள். பூபதி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே நிறுத்தினான்.

மைக்கின் முன்னால் உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் வரும் அந்த அழுகை உண்மையல்ல என்றும், இந்த வானொலியின் நாடகத்திலிருந்து வெட்டி எடுத்தது என்றும், அழுதது தான்தான் என்றும் சொன்னாள். எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை, செங்காட்டுப்புதூரில் பிடித்து வைத்திருப்பவரை யாரும் தொட வேண்டாம், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வெளியே போய்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நடுங்கக் கூடாது என்று அடக்கிப் பேசியதில் குரல் வழக்கத்தைவிட நிதானமாக வந்தது. அறிவிப்பாளரின் குரலாகவே வந்தது.

நேயர் தொலைபேசி அடித்தது. எடுத்ததும் ஒரு ஆண் குரல், இதை மூடி மறைக்கச் சொன்னது யார் என்று கேட்டது. பெற்ற வயிறு பற்றி எரிகிறது, நீங்கள் பாட்டுப் போடுகிறீர்களா என்றது. பேர் சொல்லாமலே வைத்துவிட்டது.

பூபதி அதற்குள் போலீசுக்குச் சொல்லியிருந்தான். ரோந்து வண்டி தேர்த் திருவிழா பந்தோபஸ்தில் இருக்கிறது, அங்கிருந்து கிளம்பச் சொல்லிவிட்டோம் என்றார்களாம். அதை அவன் சொல்லி முடிப்பதற்குள் மாடியில் ஜெனரேட்டர் இருமியது, இரண்டு தடவை திணறியது, நின்றது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி ஓய்ந்தது. யூபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது.

"பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கேட்டாள்.

"பழைய பேட்டரிங்க. சொல்ல முடியாது."

"அந்த நாடகத்தை முழுசாப் போடுங்க. முடிஞ்சதும் மறுபடியும் போடுங்க. உங்க வண்டிச் சாவியைக் குடுங்க."

பூபதி சாவியைக் கொடுக்கவில்லை. அங்கே போகாதீர்கள் என்றான். போலீஸ் வரட்டும், தனியாக ஒரு பெண் பிள்ளை அந்தக் கூட்டத்துக்குள் போய் என்ன செய்ய முடியும் என்றான். தானும் கூட வரலாம் என்றால் இங்கே நாடகத்தைப் போடவும் ஜெனரேட்டரைப் பார்க்கவும் ஆள் இல்லை என்றான்.

"அவங்க கேட்டுக்கிட்டிருக்கறது என் குரல் பூபதி," என்றாள்.

அவன் சாவியை மேசைமேல் வைத்தான்.

வெயில் தலையைப் பிளந்தது. மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே போகும் சாலையில் வண்டியை முறுக்கினாள். அவ்வளவு வேகமாக அவள் ஓட்டியதே இல்லை. வழியில் இருந்த சிற்றூர்களில் எல்லாம் நிழல் கண்ட இடத்தில் ஆட்கள் தலைகளை ஒன்றாகச் சேர்த்துக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டீக்கடையைக் கடக்கும்போது வேகத்தடைக்காக வண்டியை மெதுவாக்கினாள். உள்ளேயிருந்து அவளுடைய அலறலே வெளியே வந்து விழுந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கிச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. இறங்கவில்லை. அப்படி இறங்கிக்கொண்டே போனால் செங்காட்டுப்புதூருக்குப் போய்ச் சேர முடியாது.

ஊர் நடுவில் தண்ணீர் டேங்க். அதன் ஒரு தூணில் அந்த ஆளைக் கட்டியிருந்தார்கள். கழிவு நூலை முறுக்கித் திரித்த கயிறு. ஐம்பது வயது இருக்கும். சட்டை கிழிந்து ஒரு பக்கம் தொங்கியது. உதடு வீங்கி, வலது கை மணிக்கட்டு இருக்கக் கூடாத கோணத்தில் மடங்கியிருந்தது. அவன் காலடியில் கிடந்த சாக்கு வாய் திறந்து கொட்டியிருந்தது. தரையெல்லாம் முடி. கருப்பும் நரையுமாக, உருண்டை உருண்டையாக, பெண்களின் தலைமுடி. கூடவே பிளாஸ்டிக் டப்பாக்களும் ஹேர்பின் அட்டைகளும் சிதறிக் கிடந்தன.

வினோலியாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சீப்பில் வரும் சிக்குமுடியை வீடு வீடாக வாங்கிக்கொண்டு பதிலுக்கு டப்பாவோ பின்னோ கொடுத்துவிட்டுப் போகும் வியாபாரி. சேலத்தில் அவள் தெருவுக்கும் இப்படி ஒருவர் வருவார். ஆனால் இந்தக் கூட்டம் சாக்கைக் கொட்டியபோது பார்த்தது வேறு.

"முடியப் பாருங்க, எத்தன புள்ளைங்களோட முடியோ," என்று ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். முன்னால் நின்றவன் சபரிநாதன், முப்பது வயதுக்குள் இருப்பான், கையில் தறியிலிருந்து கழற்றிய ஒரு மரக்கட்டை. அவனுக்குப் பின்னால் அவன் மனைவி நான்கு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள். நடந்தது என்ன என்று பக்கத்தில் நின்ற பெண்கள் ஆளுக்கொரு வார்த்தையாக வினோலியாவுக்குச் சொன்னார்கள். காலையில் சபரிநாதனின் மகள் அபிநயாவைக் கொஞ்ச நேரம் காணவில்லை. அந்த நேரத்தில்தான் அவன் போனுக்கு அந்த அழுகை வந்தது. ஊரெல்லாம் தேடி, கடைசியில் குடோனில் துணிக்கட்டுகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிவந்தார்கள். பிள்ளையின் கையில் புதுசாக ஒரு சிவப்பு ஹேர்பின். யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, சாக்குத் தாத்தா என்றது. அம்மா சீவிப் போட்ட முடியைச் சுருட்டி எடுத்துப் போய்க் கொடுத்து அந்தப் பின்னை அது வாங்கியிருந்தது. ஆனால் அதை முழுசாகச் சொல்லத் தெரியாத வயசு.

"அவரை அவுத்து விடுங்க," என்றாள் வினோலியா. "நான் தறிநாதம் ரேடியோவிலிருந்து வர்றேன். அந்த அழுகை நாடகம். அழுதது நான்."

சபரிநாதன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்க நல்லா படிச்சவங்க மாதிரி பேசறீங்க. அது எங்கூர்ப் பொம்பள அழுவறது. எங்களுக்குத் தெரியாதுங்களா?"

கூட்டத்தின் ஓரத்தில், குடோன் சுவரை ஒட்டி, ராசாத்தி நின்றுகொண்டிருந்தாள். வினோலியாவின் கண்ணைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கன்னத்தில் விரல் பதிந்த தடம் தெரிந்தது. அவள் முதலிலேயே சொல்லிப் பார்த்திருக்கிறாள். ரேடியோக்காரிகளோடு சுற்றுகிறவள் அவர்களுக்குத்தான் பரிந்து பேசுவாள் என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, அவள் கணவன் வீரன் அத்தனை பேர் முன்னாலும் அவளை அறைந்து ஓரமாகத் தள்ளியிருக்கிறான். வீரன் வேலை செய்வது அந்த ஊரின் பெரிய தறிக்காரர் தங்கசாமியின் குடோனில்.

தங்கசாமி மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டிப்போட்டவனை அடிக்கவும் சொல்லவில்லை, விடவும் சொல்லவில்லை. வினோலியா நேராக அவரிடம் போனாள். இப்போது இந்த நிமிஷம் அந்த நாடகம் முழுசாக வானொலியில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு ரேடியோ வைத்துக் கேளுங்கள், பிறகு உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள் என்றாள்.

அவர் யோசித்தார். தம் காரின் கதவைத் திறந்து ரேடியோவைப் போடச் சொன்னார். கூட்டம் கொஞ்சம் அடங்கியது. டிரைவர் அலைவரிசையைத் திருப்பினான்.

இரைச்சல் மட்டும் வந்தது. திரும்பத் திரும்பத் திருப்பியும் வெறும் இரைச்சல். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று வினோலியாவுக்குப் புரிந்தது. அங்கே பூபதி ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்து இழுத்துக் கை சலித்துப் போயிருப்பான்.

யாரோ ஒருவன் சிரித்தான். இன்னொருவன் கல்லை எடுத்துத் தூணைப் பார்த்து வீசினான். அது அந்த ஆளின் தோளில் பட்டது. அவன் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

"நீங்கதான்னா அழுங்க பாக்கலாம்," என்றான் சபரிநாதன். கைப்பேசியை எடுத்து அந்த ஒலித்துண்டை ஓடவிட்டான். அலறல் டேங்க்கின் தூண்களில் மோதித் திரும்பியது. அவன் மனைவி குழந்தையின் காதைப் பொத்தினாள். "இதே மாதிரி அழுங்க. கேட்டுட்டு உட்டர்றேன்."

வினோலியா வாயைத் திறந்தாள். "அய்யோ, எம் புள்ளையக் காணமே" என்றாள். குரல் வறண்டு, பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஒப்பிப்பதுபோல் வந்தது. அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. கூட்டத்தில் ஏளனமாக ஒரு முனகல் எழுந்தது. சபரிநாதன் திரும்பித் தூணை நோக்கி நடந்தான். கட்டையை இரண்டு கையாலும் பிடித்தான்.

நாடகத்தின்போது ஸ்டுடியோவில் அவள் சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு அழுதிருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்ற தைரியம் அப்போது இருந்தது. இங்கே இருநூறு கண்கள். ஆனால் அந்தக் கட்டை மேலே போனதைப் பார்த்த கணத்தில் அவளுக்குக் கண்களெல்லாம் மறைந்துபோயின. எங்கிருந்தோ அது கிளம்பியது. அடிவயிற்றிலிருந்து, தொண்டையைக் கிழித்துக்கொண்டு.

"அய்யோ, எம் புள்ளையக் காணமே. சாக்குப் பையத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் வந்தானே."

சபரிநாதனின் கை அந்தரத்தில் நின்றது.

"ஆராச்சும் போயி மறிங்களே, எம் மித்ராவக் கூட்டியாந்து குடுங்களே."

இழுப்பும் விக்கலும், 'மித்ரா'வில் உடையும் அந்த இடமும், எல்லாம் அப்படியே இருந்தன. பெண்கள் பக்கம் யாரோ அழ ஆரம்பித்தார்கள். அவளுக்கு அந்த நொடியில் பயம் வந்தது. இதைக் கேட்டு இந்தக் கூட்டம் அடங்குமா, அல்லது இன்னும் கொதித்து எழுமா என்று தெரியவில்லை. இப்போதும் இது பிள்ளையைப் பறிகொடுத்தவளின் அழுகையாகத்தானே கேட்கிறது? வெட்டப்பட்ட இடம் இதுதான். இதற்கு அடுத்த வசனம் அவளுடையது அல்ல.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

குடோன் சுவர் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏண்டி இப்புடித் தொண்ட கிழியக் கத்தற? உம்மவ எங்கூட்லதான் தூங்கறா. வந்து பாரு."

ராசாத்தி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வீரன் அவள் கையைப் பிடித்தான். அவள் அதை உதறிவிட்டு வந்தாள். நாடகத்தில் எப்படிச் சொன்னாளோ அப்படியே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கொஞ்சம் எரிச்சலோடு சொன்னாள். ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"எங்கூட்டுலயா? எப்ப வந்தா?" என்றாள் வினோலியா. அவளுக்குத் தன் வசனம் தப்பிப் போனதுகூடத் தெரியவில்லை. 'உங்கூட்டுலயா' என்று இருக்க வேண்டும்.

"நீ சோறாக்கற நேரத்துல வந்து பாய்ல படுத்துக்கிட்டா. அடுத்த ஊட்டுல கேக்காம ஊரக் கூட்டுனயே, பாவம் அந்தப் போர்வக்காரர என்ன பண்ணுனீங்க?"

அந்தக் கேள்வி எழுதியிருந்தபடிதான் இருந்தது. ஆனால் ராசாத்தி அதை வினோலியாவிடம் கேட்கவில்லை. ஊரைப் பார்த்துக் கேட்டாள்.

"ரேடியோவுல கேட்டனே, நம்ம ராசாத்தி குரல்தாண்டா," என்று ஒரு கிழவர் சொன்னார்.

சபரிநாதன் தன் மகளைத் திரும்பிப் பார்த்தான். குடோனில் துணிக்கட்டுக்கு நடுவே தூங்கிய பிள்ளை. அது அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அப்பாவின் கையிலிருந்த கட்டையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கட்டையைக் கீழே போட்டான். அப்படியே முடி சிதறிய தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கல் வீசியவன் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டு முன்னால் வந்தான். தங்கசாமி கட்டிலிலிருந்து எழுந்து, போதும் போடா என்றார். இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் என்று வினோலியாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. தூணுக்குப் போய்க் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். நூல் முடிச்சு, இறுகிப் போயிருந்தது. விரல் நகம் பெயர்ந்தது. பின்னாலிருந்து ஒரு கை நீண்டு நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் கயிற்றை நறுக்கியது. வீரன். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

போலீஸ் வண்டி வந்தபோது அந்த ஆள் தங்கசாமியின் கட்டிலில் படுத்திருந்தான். பெயர் சென்றாயன், ஊர் கெங்கவல்லி பக்கம் என்று மட்டும் சொன்னான். அவன் பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சாக இல்லாததுதான் முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது என்று யாரோ போலீசிடம் விளக்கினார்கள். ஒரே மாவட்டத்துக்காரன் என்று கேட்டதும் அவர்களுக்கே என்னவோ போலாகிவிட்டது. ராசாத்தியும் இன்னும் சில பெண்களும் குனிந்து தரையில் கிடந்த முடியை மண்ணை உதறி உதறிச் சாக்கில் போட்டார்கள். சபரிநாதனையும் கல் வீசியவனையும் இன்னும் இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றினார்கள்.

அந்த ஒலித்துண்டை வெட்டியவன் யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு என்று போலீஸ் பின்னோக்கிப் போய், எங்கோ ஒரு அணைந்துபோன எண்ணில் முட்டி நின்றுவிட்டது.

அடுத்த மாத நேயர் மன்றக் கூட்டத்தில் நாடகமே இனி வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். பூபதியும் அவர்கள் பக்கம்தான். வினோலியாவுக்கும் பாதி மனசு அப்படித்தான் இருந்தது. ராசாத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு நாடகம் இல்லாமல் வேறு எதை வைத்து அவரை அவிழ்த்திருப்போம் என்று கேட்டாள். அடுத்த நிகழ்ச்சி வரிசையிலும் நாடகம் அப்படியே இருந்தது. வீரன் அவளைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மாடிப் படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

அந்தக் கூட்டத்துக்கு முந்தின வாரம் வினோலியா சேலம் அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தாள். சென்றாயனுக்கு மணிக்கட்டில் கம்பி வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவன் மகன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். வினோலியா தன்னை யாரென்று சொன்னாள்.

நிகழ்ச்சிக்கு வந்து நடந்ததைச் சொல்ல முடியுமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவன் வேண்டாம் என்றான். கை சரியானதும் மறுபடியும் ஊர் ஊராகப் போக வேண்டும், ரேடியோவில் கேட்ட குரலை அடையாளம் கண்டு, அடிபட்டவன் வந்திருக்கிறான் என்று சனம் சொல்லக் கூடாது என்றான்.

பிறகு, "ஒண்ணு கேக்கலாமாம்மா?" என்றான்.

"கேளுங்க."

"அவன் கட்டையத் தூக்கினப்பகூட எனக்கு அவ்ளோ பயமில்ல. ரெண்டு அடி அடிச்சுட்டு உட்ருவான்னு நெனச்சேன். நீங்க அழுதீங்க பாருங்க, அப்பத்தான் முடிஞ்சிச்சுன்னு நெனச்சேன். அந்த அழுகையக் கேட்டா நானே என்னைய அடிப்பேன்." அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நெசமாவே புள்ளையத் தொலச்சிருக்கீங்களா?"

"இல்லங்க. ஒரு பையன் இருக்கான். ரெண்டாவது படிக்கறான்."

"அப்படியா," என்றான் சென்றாயன். நம்பினானா இல்லையா என்று அவன் முகத்தில் தெரியவில்லை. மகனிடம் திரும்பி, அம்மாவுக்கும் ரெண்டு சுளை குடு என்றான். அவள் வாங்கிக்கொண்டாள். சாப்பிட முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மணி அடித்துப் பார்வையாளர்களை வெளியே அனுப்பும் நேரத்தில் எழுந்து வந்தாள்.